பன்னிரண்டு அடி

எது ஓட்டச் சுகம் என்று
கராஜுக்கு வருகிற எல்லோரும் கேட்கிறார்கள்.
எனக்கென்று ஒரு கார் இல்லை.
ஆனால் பெரியகல்லாற்றில் எங்களிடம்
பழுது பார்த்து எழும்புகிற எதுவும்
முதலில் என் காலுக்குத்தான் பதில் சொல்லவேணும்.
தம்பி ஆணி முறுக்குவான்,
நான் ட்ரயல் ஓடுவேன்.

பெட்டி லான்ஸர்தான் என்பார் யோகானந்தம் சேர்.
இருக்கலாம்.
நாற்பது வரைக்கும் நனைந்த நெல்மூடை அதன் ஸ்டியறிங்.
நாற்பதைத் தாண்டினால் இரண்டு விரல் போதும்,
மற்ற எட்டும் சும்மா இருக்கும்.

பல்தசார் அண்ணரின் மைனருக்கு
பிரேக் வேணுமென்றால்
ஒரு வளைவுக்கு முந்தியே விண்ணப்பம் போடவேணும்.
ஆனாலும் மூன்றாம் கியரில் அது முனகுகிற முனகலுக்காக
நாலாம் கியரைத் தொடாமலே
செட்டிபாளையம் வரைக்கும் போயிருக்கிறேன்.

அக்வாவை
ஓட்டினேன் என்று சொல்லமாட்டேன்.
ஃபிறிட்ஜுக்குள் இருந்து போய்வந்தேன்.

அக்கரைப்பற்று அஸ்மத் நானாவின் சிவிக்தான்
என்னைக் கொஞ்சம் கெடுத்தது.
திருக்கோவில் தாண்டிக் கோமாரித் தெரு,
முன்னுக்கும் ஆளில்லை, பின்னுக்கும் ஆளில்லை.
ஐயாயிரம் சுற்றைக் கடந்ததும் எஞ்சினுக்குக் குரல் உடைந்தது,
பதின்மூன்று வயதுப் பொடியனுக்கு உடைகிற மாதிரி.
பக்கத்தில் இருந்த நானா "தங்கச்சி" என்றார்.
மறுகா "அல்லாஹ்" என்றார்.
மறுகா ஒன்றும் சொல்லவில்லை.
சங்கமன்கண்டி வளைவில் அவர் பிடித்த பிடியில்
கதவுக் கைபிடி கையோடு வந்தது.
அதையும் நாங்கள்தான் பூட்டிக்கொடுத்தோம், காசில்லாமல்.

என்றாலும் கேட்ட கேள்விக்கு
என் பதில்
பூபாலப்போடியாரின் சன்னி.

ஒரு கதவு வெள்ளை, மற்றதெல்லாம் முந்தி நீலம்.
றிவேர்ஸ் கியர் இல்லை.
சாமான் கொழும்பிலிருந்து வரவேணும்.
மண்டூரில் வெட்டுத் தொடங்கிற்று,
போடியாருக்குப் பொறுக்கவில்லை.
"பின்னுக்குப் போக எனக்கென்ன தேவை, கொண்டா புள்ள."

பின்னுக்குப் போகாத காரை ஓட்டுவது வேறு படிப்பு.
நிறுத்துமுன் வெளியேறும் வழியைப் பார்க்கவேணும்.
களுவாஞ்சிகுடிச் சந்தையடியில்
ஆரோ சாத்திவிட்டுப் போன ஒரு சைக்கிளுக்குப் பின்னால்
பத்து நிமிடம் மரியாதையாகக் காத்திருந்தேன்.

பட்டிருப்புப் பாலத்தால் போயிருக்கலாம்.
சோட்டை விடவில்லை,
குருமண்வெளித் துறையில் பாதையில் ஏற்றினேன்.
எங்களூரில் பாதை என்பது மிதக்கிற சாமான்.

ஆடி மாதம்.
படுவான்கரையிலிருந்து கச்சான் வாயைத் திறந்து ஊதுகிறது.
நடு வாவியில் பாதையின் மோட்டர்
இரண்டு தரம் இருமிற்று, நின்றது.
துறைக்காரர் கயிறை இழுத்தார், இழுத்தார்,
என்னைப் பார்த்தார்.
கராஜ்காரி அல்லவா, போய்ப் பார்த்தேன்.
பெற்றோலுக்குள் தண்ணி.
அதற்கு என் கையில் மருந்தில்லை.
காற்று அவசரமில்லாமல் எங்களைத் தள்ளிவந்து
ஏறின துறையிலேயே விட்டது.

அப்போதுதான் எல்லோரும் சன்னியைப் பார்த்தார்கள்.
முகம் மண்டூருக்கு.
முதுகு கரைக்கு.

இரண்டு தாதிமார்,
வெள்ளைச் சட்டைப் பள்ளிக்கூடப் பொடியன்கள் நாலு பேர்,
பைலைக் கக்கத்தில் இடுக்கிய கிராமசேவகர்,
கைக்குழந்தையைக் கரையில் நின்ற மீன்காரரிடம் கொடுத்துவிட்டு
சேலையைச் செருகிக்கொண்டு வந்த ஒருத்தி,
துறைக்காரர்.
பொனற்றில் பதினெட்டுக் கை.
"தள்ளட்டா கா?"
"தள்ளுங்க."

எஞ்சின் இல்லை.
கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடியால் பார்த்தேன்:
இரண்டு பலகை,
ஒவ்வொன்றும் ஒரு சில்லின் அகலம்,
நடுவில் தண்ணி.
ஒரு மணல் நசிந்தாலும் உள்ளங்கைக்குத் தெரிந்தது.
கிராமசேவகரின் கை எது, பொடியன்களின் கை எது என்று
ஸ்டியறிங் எனக்குத் தனித்தனியாகச் சொல்லிற்று.
இடப்பக்கம் ஒரு நூல்.
திரும்ப வலப்பக்கம் அரை நூல்.
வேகமானி முள் அசையவே இல்லை.

பின்சில்லு கரை மண்ணை மிதித்தபோது
மீன்காரரின் கையிலிருந்த குழந்தை
பெரிதாய் ஒரு தும்மல் போட்டது.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் ஸ்டியறிங்கை விடவில்லை,
இன்னும் கொஞ்சம் தள்ளமாட்டார்களா என்றிருந்தது.

போன் அடித்தது, போடியார்.
"எங்க புள்ள நிக்கிறாய்?"

"பின்னுக்கு வந்துகொண்டிருக்கிறேன்" என்றேன்.